நாலாவது வரியில் ஒளிந்திருந்த ஊசி

போன வருஷம் ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நடந்தது இது. அரிமளம் பக்கம் பத்துப் படுக்கை உள்ள ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நான் பதினாலு வருஷமாக நர்ஸ். எனக்குக் கோபம் அதிகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் அதற்கும் பங்கு உண்டு.

அப்போது எனக்கு வெளிநாட்டு வேலைக்குப் போகும் வெறி. அதற்கு நர்ஸுகளுக்கு என்று ஒரு இங்கிலீஷ் பரீட்சை உண்டு. இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் எழுத்துப் பகுதியில் ஃபெயில். ஒரு நோயாளியை வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் லெட்டரை எழுத வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. பதினாலு வருஷமாக எழுதுகிற லெட்டர். அதில் போய் ஃபெயில்!

ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைக்குக் கோச்சிங் போனேன். அங்கே மாஸ்டர் என் பேப்பரை எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்து, "வந்தார். படுத்தார். ஊசி போட்டோம். என்னம்மா இது, ரெண்டாங்கிளாஸ் பிள்ளை எழுதுன மாதிரி?" என்றார். கிளாஸே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான். இரண்டு வாக்கியம் இருந்தால் ஒன்றை மடித்து மற்றதற்குள் செருக வேண்டும். இரண்டாவது வாக்கியத்தின் ஆளை எடுத்துவிடு, வினையின் வாலை வெட்டு, முதல் வாக்கியத்தோடு சேர். தமிழில் நாம் 'வந்து, பார்த்து, போய்' என்று கோத்துக்கொண்டே போவோமே, ஏறக்குறைய அப்படி. நான் விடாமல் பழகினேன். ஆஸ்பத்திரியில் எழுதுகிற நிஜ லெட்டரையும் அப்படியே மடித்து மடித்து எழுத ஆரம்பித்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

அந்த வியாழக்கிழமை ஒரு விவசாயி வந்தார். சர்க்கரை உள்ளவர். கடலைக் காட்டில் முள் குத்திய கால், அழுகத் தொடங்கியிருந்தது. கூட அவர் மனைவி மட்டும். புண்ணுக்கு ஒரு ஊசி போட்டோம். போட்ட கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. டாக்டர் ஓடிவந்து மாற்று மருந்து கொடுத்துக் காப்பாற்றினார். ஆள் தெளிந்த பிறகு, காலுக்கு ஆபரேஷன் தேவைப்படும், புதுக்கோட்டைக்கு அனுப்பு என்றார்.

லெட்டரை நான்தான் எழுதினேன். வயது, சர்க்கரை, முள், புண், சேராத ஊசி, காய்ச்சல், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே வாக்கியம். ஐந்து வரி. நடுவில் எங்கும் புள்ளி இல்லை. சேராத ஊசியின் பெயர் நாலாவது வரியில், இன்னொன்றுக்கு வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கேஸ் ஷீட்டில் அதைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தோம். ஆனால் கேஸ் ஷீட் எங்களிடமே இருக்கும், லெட்டர் மட்டும்தான் போகும். ஓ.பி.யில் கூட்டம். டாக்டர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆம்புலன்ஸ் கிளம்பியதும், நோயாளியின் பெயரை மட்டும் விட்டுவிட்டு அந்த வாக்கியத்தை என் நோட்டில் எழுதிக்கொண்டேன், மாஸ்டரிடம் காட்ட. அத்தனை பெருமை!

நாலு மணிக்குப் போன் வந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் உள்ள நர்ஸ். சின்னப் பெண் குரல்.

"லெட்டர் எழுதுனது நீங்களா சிஸ்டர்? அந்த ஊசி சேராதுன்னு சொல்லவே இல்லையே."

எனக்கு வந்ததே கோபம். "எழுதியிருக்கேன்ல? படிக்கத் தெரியாதா ஒனக்கு?"

"இப்ப மூணாவது தடவையாப் படிச்சுட்டேன் சிஸ்டர். இருக்கு. ஆனா எங்க இருக்கு?" என்றாள்.

அதே வகை மருந்தை அவள் சிரிஞ்சில் ஏற்றிவிட்டாளாம், போட வேண்டியதுதான் பாக்கி. அப்போது அந்த விவசாயியின் மனைவி கையை நீட்டி மறித்து, "அங்கிட்டு ஒரு ஊசி போட்டு மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஆயிப்போச்சு. இதும் அதுதானா?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்விதான். அவர் மட்டும் வெளியே டீ வாங்கப் போயிருந்தால்?

போனை வைத்துவிட்டு அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்தேன்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு புதுக்கோட்டை போனேன். வார்டில் அவர் மனைவி, அந்த அக்காள், என்னைப் பார்த்ததும், "என்ன நர்ஸம்மா, இம்புட்டுத் தூரம்?" என்றார். என் தப்புதான் என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் ஒங்க லெட்டர நம்பித்தான் வாய மூடிக்கிட்டு வந்தேன். நல்லவேளை, எனக்கு வாய் சும்மா இருக்காது. இவரு முப்பது வருஷமா அதத்தான் திட்டுவாரு."

படுக்கையில் கிடந்த மனிதர், "இனிமே திட்ட மாட்டேன், ஆள விடு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

போனில் பேசிய பெண்ணையும் தேடிப் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். "ஒங்களத் திட்டிட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றேன். "ஊசிய எடுக்கறதுக்கு முன்னாடி நானும் அவங்ககிட்ட கேட்டிருக்கணும் சிஸ்டர். அது என் தப்பு" என்றாள். கேன்டீனில் உட்கார்ந்து லெட்டரின் நகலை எடுத்து, பேனாவால் ஒரே ஒரு துண்டை வெட்டி மேலே கொண்டுபோனாள். இந்த ஊசி இவருக்குச் சேராது. புள்ளி. அது தனியாக, முதல் வரியில் நின்றது. "மிச்சத்த எப்படி வேணும்னாலும் மடிச்சுக்கங்க. இத மடிக்காதீங்க" என்றாள். கோச்சிங்குக்கு நான் கட்டிய காசுக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லை. மாஸ்டரைக் குறை சொல்லவும் மாட்டேன். மடிக்கத்தான் அவர் சொன்னார், எதை மடிக்கிறோம் என்று பார்க்க வேண்டியது நான்.

மூன்றாவது தடவை பரீட்சையில் பாஸானேன். விசா வேலை நடக்கிறது. அந்த மனிதர் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டுக் காலைக் காப்பாற்றிக்கொண்டார். எங்களிடம்தான் சுகர் பார்க்க வருகிறார், தானே நடந்து. கூடவே அந்த அக்காளும், அதே வாயோடு.

கோபம் எனக்கு இன்னும் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு லெட்டர் முடிந்ததும், கூடப் போகிறவரை உட்கார வைத்து அதைத் தமிழில் சொல்லிவிடுகிறேன். பிறகு, அந்த அக்காள் எதிரில் கையை நீட்டி மறித்து நிற்பதாக நினைத்து ஒரு தடவை படித்துப் பார்ப்பேன். "இதும் அதுதானா?" என்ற அவர் கேள்விக்கு முதல் வரியிலேயே பதில் இருந்தால்தான் கவரை ஒட்டுவேன்.