ஏழு மணிக்காரி

"அண்ணே, வெளிய போனது மிதந்துச்சா, முங்குச்சா? வெக்கப்படாம சொல்லுங்க, பஸ்ல யாருமே இல்ல."

பஸ்ஸில் நிற்க இடமில்லை. கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கி, உள்ளங்கையில் விரித்த டைரியில் எழுதிக்கொண்டு வருவாள் எங்கள் நர்ஸ். "எண்ணெய் மாதிரி ஏதாவது மெதந்துச்சா? எத்தனை தடவை? சரி, மாத்திரைய எப்ப முழுங்குனீங்க?" அடுத்த இருக்கைக்காரர் மெல்ல ஜன்னல் பக்கம் ஒதுங்குவார். நானே கூட நின்று பார்த்திருக்கிறேன். ஒருநாள் கண்டக்டர், "ஏம்மா, மத்தவங்களுக்குத் தின்னதே இன்னும் உள்ள எறங்கல, நீ வெளிய வந்தத விசாரிக்கிறியே" என்றார். "உங்களுக்கும் ஒரு டைரி போட்டுரட்டுமாண்ணே?" என்றாள் இவள். அன்றிலிருந்து அவளைக் கண்டால் அவர் முன்பக்கம் போய்விடுகிறார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கணையத்துக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி நர்ஸ் இவள். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருப்பாள். எழுதாத நேரத்தில் பேனா கொண்டையில் செருகியிருக்கும். அதைத் தேடி மேசை, பை, நாற்காலிக்கு அடி என்று எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, கடைசியில் எங்களில் யாராவது, "தலையில பாரு தாயி" என்று சொன்ன பிறகுதான் எடுப்பாள்.

கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு கிடக்கிற ஓர் உறுப்பு. தின்றதைக் கரைக்கிற நீரை அதுதான் சுரக்கிறது. அது கெட்டுப்போனால் தின்ற கொழுப்பு அப்படியே வெளியே வந்து மிதக்கும். ஆள் தின்னத் தின்ன இளைப்பான். வலி வந்தால் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எனக்கு அது வந்து ஆறு வருஷமாகிறது. அதன் பெயரைச் சொன்னாலே பார்க்கிறவர்கள், "குடிப்பீங்களா?" என்பார்கள். காபியையே ஆற்றி ஆற்றிப் பாதி குடிக்கிறவள் நான். எனக்கு இந்தக் கேள்வி! இவள் ஒருத்திதான் முதல் நாள் அதைக் கேட்டுவிட்டு, "எல்லார்கிட்டயும் கேக்கணும்னு பேப்பர்ல போட்டிருக்கும்மா. உங்க மூஞ்சியப் பாத்துக் கேக்கல" என்றாள்.

ஆராய்ச்சி இதுதான்: கணையம் சுரக்காத நீருக்குப் பதிலாக ஒரு மாத்திரை தருகிறார்கள். அதை முதல் கவளத்தோடு விழுங்கினால் நல்லதா, பாதிச் சாப்பாட்டில் விழுங்கினால் நல்லதா? அதைக் கண்டுபிடிக்க எண்பத்து நான்கு நாள். என்ன தின்றோம், எப்போது விழுங்கினோம், எப்படி வெளியே போனது, வலி எவ்வளவு என்று தினம் டைரியில் எழுத வேண்டும். நோயாளி தன் கையால் எழுத வேண்டும் என்பது சட்டம்.

எங்களில் பதினோரு பேருக்கு எழுதத் தெரியாது. அப்படியானால் வேண்டாம், வீட்டுக்குப் போ என்று அப்போதே அனுப்பியிருக்கலாம். ஆள் போதவில்லை. பெரிய டாக்டர் என் எதிரிலேயே இவளிடம், "கேட்டு நீயே எழுதிடும்மா, யாரு பாக்கப் போறா" என்றார். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். காலை ஏழு மணிக்கு போன் அடிப்பது இவள் வேலையாயிற்று. ஆஸ்பத்திரி வேலை ஒன்பதுக்குத்தான். இது அதற்கு முன்னால், வீட்டிலும் வழியிலும் பஸ்ஸிலும். நான் பதினோராவது ஆள். எனக்கு ஏழு மணி எட்டேகாலுக்குத்தான் வரும். ஆனாலும் எங்களுக்கு அவள் ஏழு மணிக்காரிதான்.

வலிக்கு சைபரிலிருந்து பத்துவரை ஓர் எண் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவர் இஸ்திரி போடுகிறவர். அவர் எப்போதும், "பதினஞ்சு" என்பார்.

"பத்துக்கு மேல இடம் இல்லண்ணே."

"வலிக்கு அது தெரியலியே தாயி."

"சரி, கட்டத்துல பத்துன்னு போடறேன். மீதி அஞ்ச ஓரத்துல போடறேன்."

சொன்னபடியே போடுவாள். டைரியின் ஓரமெல்லாம் எங்கள் பேச்சுதான். "வயித்துக்குள்ள எவனோ ஈரத்துணி பிழியறான்." "பேரன் பொறந்தநாள், எண்ணெய்ப் பலகாரம் ரெண்டு தின்னேன், மருமககிட்ட சொல்லிராதீங்க." "இன்னிக்கு வலி இல்ல, பயமா இருக்கு." கடைசியாகச் சொன்னது என்னுடையது.

"உங்க வீட்ல யாருக்காவது இந்த நோவு வந்துச்சா?" என்று ஒருநாள் கேட்டேன். இவ்வளவு பாடுபடுகிறாளே என்றுதான்.

"இல்லியே. வந்தாத்தான் செய்யணுமா?" என்றாள். டைரியைப் புரட்டிக்கொண்டே அவளே சொன்னாள்: "படிச்சவங்க மேசைல உக்காந்து மணி பாத்துச் சாப்பிடறாங்க. நீங்கள்லாம் வேலை விட்டப்ப, நின்னுக்கிட்டு, ஆறிப்போனதத் திங்கறீங்க. உங்கள விட்டுட்டு மாத்திரைய எப்ப முழுங்கணும்னு கண்டுபிடிச்சா, அது யாருக்கும்மா ஆகும்?"

அறுபத்தாறாம் நாள் எங்களுக்குப் பரிசோதனை. பதினோரு பேரும் வராந்தா பெஞ்சில் இருந்தோம். மேலிடத்திலிருந்து டைரிகளைச் சரிபார்க்க ஒருவர் வந்திருந்தார். சட்டை மடிப்பு கலையாத ஆள். டாக்டர் அறைக் கதவு திறந்தேதான் இருந்தது; உள்ளே டாக்டரும் அவரும் இவளும்.

"பதினோரு டைரியும் ஒரே ஆள் எழுதினது. எல்லாம் இட்டுக்கட்டினது. இந்தப் பதினோரு பேரையும் ஆராய்ச்சிலேர்ந்து எடுத்துடணும்" என்றார் அவர்.

எடுத்துவிட்டால் மாத்திரை இல்லை. கடையில் விற்கிற விலைக்கு எங்களில் ஒருவராலும் வாங்க முடியாது. இரண்டு மாதமாகத்தான் தின்றது உடம்பில் ஒட்டுகிறது. எனக்கு நான்கு கிலோ ஏறியிருக்கிறது. இஸ்திரிக்காரர் பெஞ்சைவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"கேட்டுத்தான் சார் எழுதினேன்" என்றாள் இவள். "ஓரத்துல இருக்கறதப் படிங்க. இத நான் வீட்ல உக்காந்து கற்பனை பண்ண முடியுமா?"

"ஓரத்துல எழுதறதே தப்பு. தேவையில்லாத எழுத்து."

தேவையில்லாத எழுத்தாம்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாங்கள் சொன்னது அவருக்குக் கிறுக்கல். எழுதத் தெரிந்தவன் ஒரே நாளில் உட்கார்ந்து, ஐந்து நாள் கணக்கை ஐந்து நிறப் பேனாவில் எழுதிக்கொண்டு வந்தால் அது உண்மை. அப்படி ஒருவன் அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினான், கண்ணால் பார்த்தேன். அவன் டைரியை அவர் புரட்டித் தலையை ஆட்டிவிட்டுக் கீழே வைத்தார். அவன் கணையம் படித்த கணையம் போலிருக்கிறது.

அவர் டாக்டரைப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியுமா?"

"எனக்குத் தெரியாதே" என்றார் டாக்டர். "அவங்களாவே பண்ணிருக்காங்க."

என்னால் உட்கார முடியவில்லை. உள்ளே போய் நின்றேன். "எனக்கு எழுதத்தான் தெரியாது சார், காது நல்லாக் கேக்கும்" என்றேன். "நீயே எழுதிடும்மா, யாரு பாக்கப் போறான்னு நீங்க சொன்னப்ப, உங்களுக்கு முன்னாடி இந்த நாற்காலிலதான் உக்காந்திருந்தேன். இதோ, இந்த ஓட்டை விழுந்த நாற்காலிதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு இவள் பக்கம் திரும்பி, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "இங்க பாரும்மா. நோயாளிங்களக் கேக்காம நானே எழுதினேன்னு ஒரு பேப்பர் தர்றேன். கையெழுத்துப் போட்டுரு. உன் வேலை போகாம நான் பாத்துக்கறேன். பிரச்சினை இதோட முடிஞ்சிரும்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன். அது ஒரே மேசைக்கு எதிரும் புதிருமாக இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இவள் கொண்டையிலிருந்து பேனாவை உருவினாள். அந்த ஒருநாள்தான் தேடாமல் எடுத்தாள். ஒரு வெள்ளைத்தாளில் நின்றுகொண்டே எழுதினாள். எழுதியதை வராந்தாவுக்கும் கேட்கும்படி படித்தாள். "சொன்னது இவங்க. கேட்டு எழுதினது நான். எழுதச் சொன்னது டாக்டர். பதினோரு பேரையும் எடுக்கக் கூடாதுன்னு, ஆராய்ச்சில நியாயம் பாக்கற நெறிமுறைக் குழுவக் கேட்டுக்கறேன்." படித்துவிட்டு, "இதுல ஏதாவது பொய் இருக்கா?" என்று எங்களைக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார் இஸ்திரிக்காரர். "என் வலி பதினஞ்சு."

அதையும் எழுதினாள்.

அலமாரியிலிருந்த மைப்பெட்டியை எடுத்துத் திறந்தாள். முதல் நாள் எங்களிடம் சம்மதம் வாங்கிய அதே மைப்பெட்டி. ஒவ்வொருவராக உள்ளே வந்து பெருவிரலை வைத்தோம். கைநடுக்கமுள்ள ஒருவருக்கு மட்டும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு ரேகை விழுந்தது. சரிபார்க்க வந்தவர் எண்ணவும் செய்தார்.

"உன் கையெழுத்து இந்தப் பேப்பர்லம்மா" என்று டாக்டர் தம்முடைய தாளை நகர்த்தி, சட்டைப்பையிலிருந்த தங்க மூடிப் பேனாவையும் நீட்டினார்.

இவள் பேனாவை வாங்கவில்லை. தன் பேனாவையும் கொண்டையில் திருப்பிச் செருகிவிட்டாள். பெருவிரலை மையில் ஒற்றி, எங்கள் தாளில், என் ரேகைக்குக் கீழே பன்னிரண்டாவதாக அழுத்தி வைத்தாள். விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அப்புறம், மூடாமல், மைப்பெட்டியை எங்கள் தாளோடு மேசைமேல் டாக்டர் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.