ஆறு சட்டை போட்டுக்கொண்டு மீன் பிடிக்கப் போனவன்

சுனாமிக்கு அடுத்த வருஷம், கிள்ளைப் பக்கத்து மீனவர் குப்பத்தில் உதவி செய்ய வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய பிளாஸ்டிக் படகை என் மச்சானிடம் விட்டுவிட்டுப் போனார். கயாக் என்று பெயர் சொன்னாராம். குப்பத்துப் பெண்கள் அதை வாழைப்பூ மடல் என்றார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும். சிவப்பாக, நீளமாக, நடுவில் குழிந்து, இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகக் காலை நீட்டி உட்காரலாம்.

மச்சான் என்றால் பெண்ணெடுத்த உறவில்லை. சிதம்பரத்தில் கதவு அகலத்துக்கு ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். அங்கே சட்டை தைக்க வந்தவர். என் மனைவி தண்ணீர் கொடுத்து "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அன்றோடு எனக்கு மச்சான் ஆகிவிட்டார். எங்கள் பக்கம் உறவுக்கு அதற்கு மேல் சான்றிதழ் கேட்பதில்லை.

அந்த அலையில் அவருக்குப் படகு போனது, வலை போனது, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த தம்பியும் போனான். அதற்குப் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. தம்பியைப் பற்றியும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களில் மட்டும், அந்த வாழைப்பூ மடலில் தூண்டில் போடப் போவார். அதுவும் நான் முன்னால் உட்கார்ந்தால்தான்.

"தனியா போனா தண்ணி சும்மா கெடக்குது மச்சான். சும்மா கெடந்தா என்னமோ கேக்குற மாதிரி இருக்குது. நீ வந்து எதுனா பெனாத்திக்கினு இரு, போதும்" என்பார்.

பெனாத்தச் சொல்லி என்னைக் கூப்பிடுவது, மீனைக் குளிக்கக் கூப்பிடுவது மாதிரி. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன் நான். மிச்சத்தையெல்லாம் அளவெடுக்கும்போது வாடிக்கையாளர் வாயிலிருந்துதான் பொறுக்கினேன்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. ஐப்பசி மழையில் நனைந்து நெஞ்சில் சளி கட்டிப் பத்து நாள் படுத்துவிட்டேன். என் மனைவி குமராட்சிப் பக்கம் நடவுக்குப் போன வீட்டுப் பெண். கோபம் வந்தால் குரலை இறக்குவாள். "இன்னொரு இருமல் என் காதுல வுழட்டும். அப்புறம் போட்டும் கெடயாது, தூண்டிலும் கெடயாது" என்றாள். நான் கரையில் உட்கார்ந்தால் மச்சானும் கரையில்தான். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

பிறகு தை பிறந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார் எங்கள் தெருப் பால்காரர். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தையற்காரனை எது துளைக்கும் என்று பழமொழியில் இல்லை. நானாகத்தான் தற்காப்பு தேட வேண்டியிருந்தது.

"வெள்ளக்காரரு எப்பிடி மச்சான் போனாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு மேல ஒண்ணா போடணுமாம். அதான் சூட்சுமமாம்" என்றார் மச்சான்.

எந்தத் துணி மேல் எந்தத் துணி என்றும் அந்த மனிதர் சொல்லியிருப்பார். எங்கள் இருவருக்கும் எண்ணிக்கை மட்டும்தான் வந்து சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு நான் சனிக்கிழமை முழுக்க ஆராய்ச்சி செய்தேன். உடம்போடு ஒட்டி முண்டா பனியன். அதன் மேல் கைவைத்த பனியன். மூன்றாவது, நானே தைத்த முழுக்கைப் பருத்திச் சட்டை; பருத்திக்கு மிஞ்சிய துணி உலகத்தில் இல்லை என்று இருபது வருஷமாக ஊருக்கு ஓதியவன் அதை விட முடியுமா? நாலாவது பிளானல். ஐந்தாவது, கடலூர் பஸ் நிலையத்தருகே நேபாளத்துக்காரரிடம் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர். கூடவே அவர் என் தலையில் கட்டிவிட்ட குரங்குக் குல்லா.

ஆறாவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சுனாமி சமயத்தில் கடலூர் வழியாக லாரி லாரியாகப் பழந்துணி வந்து குப்பத்து ரோட்டோரம் மலையாகக் கிடந்தது. "வலதான் போச்சு, மானம் போவல" என்று ஒரு அம்மாள் சொல்லிவிட்டார். யாரும் தொடவில்லை. நான் மட்டும் தொழில் ஆர்வம் என்று பெயர் வைத்து ஒரு கோட்டை உருவிக்கொண்டு வந்தேன். கட்டம் கட்டமாகத் தைத்து, தலையணை மாதிரி உப்பியிருந்தது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று கக்கத்துத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். அத்தனையும் வாத்து இறகு. தும்மிக்கொண்டே உள்ளே திணித்துத் திரும்பத் தைத்தேன்.

ஞாயிறு காலையில் கிளம்பியபோது மனைவி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "இதுக்குள்ள எங்க வூட்டுக்காரரு எங்க இருக்காரு?" என்று கேட்டாள். பதில் சொல்லக் கழுத்து திரும்பவில்லை. மொபெட்டில் முழங்கை மடங்காமல், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே பிச்சாவரம் போய்ச் சேர்ந்தேன். மச்சான் அரை டவுசரும் வெளுத்துப்போன பாலியஸ்டர் சட்டையுமாக நின்றார். என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஆளா, மூட்டையா? மூட்டைன்னா பின்னாடி வெச்சிக் கட்டிடறேன்."

"சிரிங்க மச்சான். குளிர்ல நடுங்கும்போது எங்கிட்டதான வருவீங்க?"

துடுப்பு போட ஆரம்பித்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெயில் இன்னும் மரத்துக்கு மேலே ஏறவில்லை. எனக்கு முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. இரண்டு பனியனும் அதைக் குடித்து, சட்டைக்குக் கொடுத்து, சட்டை பிளானலுக்குக் கொடுத்தது. பந்தி பரிமாறுகிற மாதிரி. பனியில் நனையக்கூடாது என்று ஆறு போட்டவன், சொட்டுத் தண்ணீர் மேலே படாமலே உள்ளே தெப்பமாக நனைந்திருந்தேன். வெளியே சொல்லவில்லை.

அப்போது பார்த்து என் தூண்டிலில் கொடுவா ஒன்று கடித்தது. நல்ல இழுப்பு. நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். என்னோடு கோட்டும் சாய்ந்தது. கோட்டோடு படகும் சாய்ந்தது.

முதலில் மிதந்தேன். அதை மறைக்கக்கூடாது. இறகுக்குள் இருந்த காற்று என்னைப் பூசணிக்காய் மாதிரி தூக்கிப் பிடித்தது. ஆகா, வெள்ளைக்காரர் மூளையே மூளை என்று நினைக்கும்போதே கக்கத்தில் 'டர்' என்றது. நான் போட்ட தையல். இறகு பொங்கி வெளியே வந்தது, தண்ணீர் உள்ளே போனது, நான் கீழே போனேன். மார்பளவுத் தண்ணீர்தான். ஆனால் நனைந்த பருத்தி நாலு, கம்பளி ஒன்று, கோட்டு ஒன்று. எழுந்து நிற்க முடியவில்லை. மச்சான் காலரைப் பிடித்துத் தூக்கி ஒரு வேரின் மேல் உட்காரவைத்தார். சுற்றிலும் வாய்க்கால் வெள்ளையாக இருந்தது.

"எத்தினி கொக்க முழுங்கன மச்சான்?" என்று கேட்டவர், கிழிசலைப் பார்த்தார். "இது யாரு தெச்சது?"

"பாரின் தையல்" என்றேன்.

குல்லாவிலிருந்து தண்ணீர் வழியக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "நனஞ்ச பின்ன முக்காடு எதுக்கு, கழட்டு" என்றார். கழற்றத்தான் முடியவில்லை. ஒவ்வொன்றும் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அவர் உரித்தார், நான் நடுங்கினேன். கொடுவா அதற்குள் கொள்ளிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

வீட்டில் மூன்று நாள் சமாளித்தேன். இருமல் வரும்போதெல்லாம் தையல் மெஷினை ஓட்டினேன். துணி இல்லாமலே ஓட்டினேன். புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டில் மிளகு ரசம் புரையேறியது. வந்தது ஒரு இருமல் இல்லை, ஒரு குடும்பம். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். போட்டும் போச்சு, தூண்டிலும் போச்சு.

அடுத்த ஞாயிறு நான் படுத்தே கிடந்தேன். ஏழு மணிக்கு மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். டீ ஆறி ஏடு படிந்தது.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் தங்கச்சி. போட்டை ஒருத்தன் கேக்குறான். குடுத்துடலாம்னு இருக்கேன். எனக்கு எதுக்கு இனிமே?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் அலமாரியை உருட்டினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழைய பாலியஸ்டர் சட்டை, அரை டவுசர், மெல்லிய மழைக்கோட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் துண்டும் காய்ந்த துணியும்.

"கார்த்திக மாசம் விடியகாலம் நாங்க சேத்துல எறங்குவோம். பொடவ மேல ஆம்பள சட்ட ஒண்ணு, அதுவும் இந்தத் துணிதான். ஒதறனா காஞ்சிடும். காத்தடிச்சா மேல ஒரு உரச்சாக்கு. மீதித் துணியெல்லாம் வரப்புல மூட்டையா கெடக்கும். தண்ணிக்குள்ள துணி கம்மி, கரையில ஜாஸ்தி. காட்டன் தண்ணியக் குடிச்சிட்டு ஒடம்பு மேல ஒக்காந்துக்கும். இருவது வருசமா துணி வெட்டுறீங்க, இது தெரியாதா?"

தெரியாது. பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியும் நான் கேட்டதில்லை. பேசத் தெரிந்த அளவுக்கு எனக்குக் கேட்கத் தெரியாது.

"இருமல்?" என்றேன்.

"இருமிக்கினே போங்க" என்றாள். "அண்ணே, மொத டீயக் குடிங்க."

அன்றைக்கே படகில் கிளம்பினோம். குளிர்ந்தது. சட்டை லேசாக இருந்தது, கை தாராளமாக வந்தது, துடுப்பு ஒழுங்காக விழுந்தது. அதெல்லாம் சரி. ஆனால் ஒரு திருப்பத்தில் வாடைக் காற்று முகத்தில் அடித்தபோது என் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. சுரபுன்னை வேர்களுக்கு நடுவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பின்னாலிருந்து மச்சான் கேட்டார், "என்னா, இன்னிக்கி பெனாத்தலையா?"

வாயைத் திறந்தேன். பல் சத்தம்தான் வந்தது. இவ்வளவு தூரம் வந்து, எதற்காக வந்தேனோ அது மட்டும் முடியவில்லை. படகு கொஞ்ச தூரம் சும்மாவே போனது. எனக்குப் பயமாக இருந்தது.

"எந்தம்பிக்கும் இப்பிடித்தான்" என்றார் மச்சான். துடுப்பு நின்றுவிட்டது. "தை மாசத்துல வலை இழுக்கச் சொன்னா பல்லக் கடிச்சிக்கினு நிப்பான். ஒரு நாளு எங்கம்மா பொடவயச் சுத்திக்கினு கெளம்பிட்டான், கழுத..."

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கப் பார்த்தேன். 'அ' மட்டும் மூன்று முறை வந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. மேலே சொல்லிக்கொண்டே போனார்.