பெரியவனைக் கழற்றிய ஞாயிறு

எங்கள் சர்வர் அறையில் இரவும் பகலும் ஒரே இரைச்சல்தான். வெளியே மழை பெய்கிறதா, உள்ளே விசிறிகள் சுற்றுகின்றனவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மலேசியாவின் கோல சிலாங்கூர் கடைத்தெருவில், மாமாக் கடை என்று நாங்கள் சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அறை. கீழே மீன்தலைக் கறி கொதிக்கும். மேலே நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குவேன். கண்ணாடிச் சன்னல் வழியே ஆறு தெரியும். அக்கரையில் பாசிர் பெனம்பாங் கிராமத்து மீன்படகுகள் நீர் ஏறுவதற்காகக் காத்துக்கிடக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் படகு நகர்கிறதா, நான் உட்கார்ந்திருக்கும் கட்டடம் நகர்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். என் வேலை நேரத்தில் பாதி இப்படித்தான் போகிறது. முதலாளி இதையெல்லாம் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அறையில் மூன்று ஹோஸ்ட்டுகள் இருந்தன. ஹோஸ்ட் என்றால் கனமான இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பல கணினிகள் ஓடுகின்றன, கையால் தொட முடியாத கணினிகள். ஒன்று செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடைக்காக உழைக்கும், இன்னொன்று பள்ளி வேன்களைக் கவனிக்கும். ஒரே கூரையின்கீழ் ஒண்டிக்கொண்டிருக்கிறோம் என்பது அவற்றுக்குத் தெரியாது. தனித்தனி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். மூன்று பெட்டிகளும் சேர்ந்து ஒரு கிளஸ்டர். ஒன்று படுத்துவிட்டால் மற்ற இரண்டும் அதன் சுமையை வாங்கிக்கொள்ளும்.

அந்தப் பெட்டிகளுக்குப் பெரியவன், நடுவுள்ளவன், சின்னவன் என்று பெயர் வைத்தவர் என் அண்ணன். எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் அவர்தான். ஒரு நாள் காலையில் அவர் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவருடைய நாற்காலியில்தான் இப்போது நான் உட்காருகிறேன். அதன் ஒரு கைப்பிடி ஆடும். மாற்றித் தருகிறேன் என்று முதலாளி சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் டயாலிசிஸ் சென்டர் ஒன்று உண்டு. மறுநாள் ரத்தம் சுத்திகரிக்க வரவேண்டியவர்களை முந்தின நாள் காலை பத்து மணிக்கு அழைத்து நினைவூட்ட, பெரியவனுக்குள் ஒரு கணினி இருந்தது. தமிழில் பேச ஆள் வேண்டுமென்று சென்டரில் கேட்டபோது அண்ணனே மாடிப்படியில் நின்று பதிவுசெய்தார். "வணக்கம். நாளைக்கு உங்களுக்கு டயாலிசிஸ் இருக்கு. நேரத்தோட வந்துருங்க. தண்ணி ரொம்பக் குடிக்காதீங்க." கடைசியில், கீழே பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தமும் கொஞ்சம் கேட்கும். வருவதாக இருந்தால் எண் ஒன்றை அழுத்த வேண்டும்.

அம்மா ஒரு நாளும் எண் ஒன்றை அழுத்தியதில்லை.

வாரத்தில் மூன்று நாள் அம்மாவுக்கு டயாலிசிஸ். எஸ்டேட்டில் இருந்த காலமெல்லாம், விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாதவர். அழைப்பு வரும் நாளில் பத்து மணிக்கு முன்பே முகம் கழுவி, பொட்டு வைத்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மணி அடித்ததும் எடுத்து, "சரிய்யா, வரேன். தண்ணியே குடிக்கல," என்பார். பக்கத்தில் பாதி காலியான தம்ளர் இருக்கும். "நீ சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நேரம் கொடுப்பார். அதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டுவிடும்.

அம்மாவுக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அண்ணனின் நெற்றியில் கடைசியாகத் திருநீறு பூசியதே அவர்தான். தெரிந்துதான் பேசுகிறார். அந்தக் குரல் என் போனிலும் இருக்கிறது. ஒருமுறை போட்டுக் காட்டினேன். "இது நீ போடுறது. அது அவனா கூப்புடுறது," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரியவனுக்கு வயதாகிவிட்டது. விசிறிகள் முனக ஆரம்பித்தன. உதிரிப் பாகங்கள் கிடைக்கவில்லை. புது ஹோஸ்ட் வந்து இறங்கியது. அதைச் சேர்த்து, பெரியவனைக் கழற்ற வேண்டும். தொலைபேசிக் கணினியைப் பற்றி நான் கேட்கும் முன்பே முதலாளி சொன்னார்:

"அத எதுக்குமா சொமந்துகிட்டு? சென்டர்ல அடுத்து எல்லாத்துக்கும் மெசேஜ்தான். பெரியவனோட சேத்து அதையும் தூக்கிப் போட்டுரு லா."

"அவங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஓடட்டும் பாஸ்."

அது யார் குரல் என்று அவருக்கும் தெரியும். "சரி, ஓடட்டும்," என்றார். பிறகு காலண்டர் பக்கம் திரும்பி, "ஞாயித்துக்கெழம செஞ்சிரு. நாலரைக்கு மேல ராவு காலம். அதுக்குள்ள முடிச்சிரு," என்றார்.

ஞாயிறு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. முதலாளி சந்தனமும் குங்குமமும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தார். கற்பூரத்தை மட்டும் நான் அனுமதிக்கவில்லை. புகை மணி அலறினால் தீயணைப்பு வண்டியே வந்துவிடும். புது மெஷினின் நெற்றியில் பொட்டு வைத்தோம். அதற்கு 'மருமகள்' என்று அவரே பெயர் சூட்டிவிட்டுக் கீழே சாப்பிடப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. ஏனென்றால் கிளஸ்டரில் சேர்க்கும்போது புது மெஷினிடம் நாங்கள் சொல்வதும், வீட்டுக்கு வந்த மருமகளிடம் சொல்வதேதான்: உனக்கு என்னென்ன தெரிந்திருந்தாலும் சரி, இங்கே இருக்கிற பழசுகளுக்குத் தெரிந்த அளவுக்குத்தான் காட்டிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கணினிகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தடங்கலில்லாமல் போய்வர முடியும்.

மருமகள் அடக்கமாகச் சேர்ந்துகொண்டது. பிறகு பெரியவனைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றினேன். அதற்குள் இருந்த கணினிகள் ஒவ்வொன்றாக, ஓடிக்கொண்டே, இடம் மாறத் தொடங்கின. எடைமேடை போயிற்று. பள்ளி வேன்கள் போயின. எதுவும் நிற்கவில்லை, எதற்கும் தான் நகர்வது தெரியவில்லை. திரையில் கோடு மெல்ல நீண்டுகொண்டிருந்தது. வெளியே ஆறும் மழையும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. நான் கண்ணைத் திறந்துகொண்டே எங்கோ போய்விட்டேன். அண்ணன் பக்கத்தில் நின்று நாற்காலிக் கைப்பிடியை ஆட்டுவதுபோல இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்கமாட்டார்.

கடைசியில் பெரியவனுக்குள் ஒரே ஒரு கணினி மிஞ்சியது, தொலைபேசி. பொதுச் சேமிப்பில் இடமில்லாத காலத்தில் அண்ணன் அதைப் பெரியவனின் சொந்த டிஸ்க்கிலேயே வைத்திருந்தார். அதனால் அதை மட்டும் ஓடும்போது நகர்த்த முடியாது. அணைத்து, பிரதி எடுத்து, புது இடத்தில் மறுபடி எழுப்ப வேண்டும். அணைத்தேன், பிரதி எடுத்தேன். மருமகளிடம் அது எழுந்து பச்சை விளக்கு எரிந்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலரைக்கு இன்னும் நேரம் இருந்தது. ராகு காலத்துக்குள் மாட்டாமல் தப்பித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு அம்மா ஆபீசுக்குக் கூப்பிட்டார். "ஒங்கண்ணன் இன்னும் கூப்புடல. நீ எதையாச்சும் புடுங்கி வச்சிட்டியா?"

கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. குரல் பதிவும் அப்படியே இருந்தது. சென்டரில் கேட்டேன், அங்கே யாரும் குறை சொல்லவில்லை. ஏன் அழைப்பு போகவில்லை என்று எனக்குப் புரியவில்லை. மத்தியானம் முழுக்கக் கையில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருமுறை மரணம் பிரித்த அண்ணனை, இந்த முறை நானே அம்மாவிடமிருந்து பிரித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா வைத்த பொட்டுடன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். காலையில் போட்ட தேத்தண்ணி ஆறி, ஏடு படிந்து கிடந்தது. கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது போன் அடித்தது. மணி ஆறு.

"ஏன்டா இவ்ளோ நேரம்? காலைலேர்ந்து ஒக்காந்திருக்கேன்," என்றார் அம்மா.

"வணக்கம். நாளைக்கு உங்களுக்கு டயாலிசிஸ் இருக்கு," என்றார் அண்ணன்.

அம்மா முழுவதையும் கேட்டார். "சரிய்யா, வரேன். தண்ணியே குடிக்கல." இந்த முறை அது உண்மையாகவே இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலண்டரில் நல்ல நேரம் பார்த்தேனே தவிர, புது மெஷினுக்குள் இருக்கும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எங்கோ தூர தேசத்து நேரத்தில், நமக்கு எட்டு மணி நேரம் பின்னால் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஓடியபடி இடம் மாறியவை தங்கள் நேரத்தோடு போயின. அணைத்து எழுப்பிய ஒன்று மட்டும் கண் விழித்ததும் மருமகளிடம் நேரம் கேட்டிருக்கிறது.

"மெஷின்ல கடிகாரம் தப்பும்மா. நாந்தான் பாக்காம விட்டுட்டேன். நாளைக்குச் சரி பண்ணிடுறேன்," என்றேன்.

அம்மா போனை முந்தானையால் துடைத்து மேசையில் வைத்தார்.

"தப்புன்னு ஏன் சொல்ற? அவன் இருக்குற எடத்துல இப்பதான் காலையோ என்னமோ. நம்ம நேரம் அவனுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு ஆறிய தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். நான் கூடத்தில் நின்றபடியே அழுதேன். புது மெஷினில் அப்போது காலை பத்து மணி.