விதி மாறியது அண்ணனுக்குத் தெரியும்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து நெற்றியில் பலமாக அடிபட்ட என் அண்ணன், ஆஸ்பத்திரியிலிருந்து பழைய அண்ணனாகத்தான் வந்தார். பேச்சு இருந்தது, கணக்கு இருந்தது, என்னைக் கேலி செய்வதும் இருந்தது. மத்திய அரசு வேலை. டெல்லி சரோஜினி நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் அண்ணியும் அவரும் மட்டும். பிழைத்துக்கொண்டார் என்றே நினைத்தோம்.

முதலில் கண்டுகொண்டவர் அண்ணி. ஒரு காலை, காபிப்பொடி டப்பாவை மேல்தட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறார். அண்ணன் பழைய இடத்திலேயே கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாராம். டப்பா கண்ணெதிரே. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துபோயிற்று.

நான் அப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் வீட்டுவேலை செய்யும் ரோபோவைப் பழக்கிக்கொண்டிருந்தேன். நாங்கள் அமைத்த சமையலறையில் அது பிசகாது. வழியில் யாராவது ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டால் போதும், அதை முட்டிக்கொண்டே நிற்கும். பழக்கிய அறை வேறு, சொல்லாமல் கொள்ளாமல் மாறும் வெளியுலகம் வேறு. அந்த இடைவெளியை எங்கள் குழுவால் தாண்ட முடியவில்லை. அண்ணி டப்பா விஷயத்தைச் சொன்னபோது எனக்கு அந்த ஸ்டூல்தான் நினைவுக்கு வந்தது.

மனித மனம் யோசிக்கும் விதத்தை ஆராயும் வங்காளித் தோழி ஒருத்தி எங்கள் குழுவில் இருந்தாள். ஒரு ஞாயிறன்று அவளை அண்ணன் வீட்டுக்கு அழைத்துப்போனேன். வண்ணச் சீட்டுகளைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னாள். நிறம் பார்த்துப் பிரித்தார்; சரி என்றாள். பாதியில், சொல்லாமலே விதியை மாற்றினாள். இனி வடிவம் பார்த்துப் பிரித்தால்தான் சரி. அண்ணன் நிறம் பார்த்தே வைத்தார். தப்பு என்றாள். மறுபடி நிறம். மறுபடி தப்பு.

"விதி மாறிடுச்சுன்னு தெரியுதா அண்ணா?" என்று கேட்டேன்.

"தெரியுதே," என்றபடி அடுத்த சீட்டையும் நிறத்தோடு சேர்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கை கேக்க மாட்டேங்குதும்மா."

அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாற்றத்தை உணர்வது ஒரு வேலை, பழைய வழியைக் கைவிடுவது இன்னொரு வேலை என்று மெட்ரோவில் தோழி விளக்கினாள். அண்ணனிடம் இரண்டாவது உடைந்திருந்தது. எங்கள் ரோபோவிடம் இரண்டுமே இல்லை. அதையே பிடித்துக்கொண்டு வேலை செய்தோம். அடுத்து என்ன நடக்கும் என்று அது முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும். நடப்பது வேறானால் போட்ட திட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் பார்க்க வேண்டும். சில மாதங்களில், ரோபோ ஸ்டூலின் முன் நின்றது, பார்த்தது, சுற்றிக்கொண்டு போனது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

அந்தக் கோடையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். அண்ணன் வழக்கமாகக் காபிப்பொடி வாங்கும் கடை மூடியிருந்தது. அவர் ஷட்டர் முன்னால் வெயிலில் நின்றுகொண்டேயிருக்கிறார் என்றார். ஓடினேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"பக்கத்துக் கடையில வாங்கலாமே அண்ணா?"

"வாங்கலாம்," என்றார். நகரவில்லை. கையைப் பிடித்து இழுத்துத்தான் வந்தேன்.

உடல்நிலையைக் காரணம் காட்டி அண்ணனுக்கு வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். திருச்சியில் தன் அம்மா வீட்டுக்குப் போவதென்று அண்ணி முடிவெடுத்தார்.

"அங்க எல்லாமே புதுசா இருக்குமே அண்ணி."

"எனக்குத் தெரியாதா? இங்கயே வாடகைக்கு வீடு பிடிச்சாலும் அதுவும் புதுசுதானே."

என் ஒற்றை அறைக்கு வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் அண்ணனுக்குப் புதுசுதான்.

திருச்சியில் அண்ணன் காலையில் ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வருகிறார், தெருவைப் பார்க்கிறார், அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். போன வாரம் அண்ணி போனை அவரிடம் கொடுத்தார்.

"எப்பம்மா கிளம்பறோம்?"

"எங்கண்ணா?"

"வீட்டுக்குத்தான்."

அந்தக் குவார்ட்டர்ஸை இப்போது இடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அதைச் சொல்லவில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்டேன்.