சங்கு ஊதும் நேரம்

எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அண்ணனைக் கொண்டுவந்து ராஜபாளையம் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்தவள் அந்தப் பெண். ஒடிசலான உடம்பு, எண்ணெய் காணாத தலை. கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகராது. கட்டிலில் கிடந்தவர் அவள் மாமனார், பழைய மில் தொழிலாளி. மூச்சுத்திணறலோடு நினைவும் தடுமாறியிருந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கை அவர் பிடுங்கப் போகும்போதெல்லாம், "பஞ்சு பறக்குது மாமா, மூக்கை மூடிக்கிடுங்க" என்பாள். மில்லில் நிற்பதாக நினைத்து அடங்கிவிடுவார்.

பக்கத்து மில்லில் சங்கு ஊதும் நேரம் நெருங்கினால் அவளுக்கு வேர்த்துவிடும். இரண்டு உள்ளங்கைகளாலும் அவர் காதுகளை இறுக்கிப் பொத்திக்கொள்வாள்.

"எதுக்கும்மா இப்படி?" என்றேன்.

"சங்கு கேட்டா ஷிப்ட் முடிஞ்சுதுன்னு மாஸ்க்கைக் கழத்திட்டு வீட்டுக்குக் கிளம்பிருதாக. பொறவு மூச்சுக்குத் தவிக்காக. பாக்க முடியலண்ணே."

ஒருநாள் அவள் நர்ஸைக் கூப்பிடப் போயிருந்தபோது சங்கு ஊதிவிட்டது. நான் பதறி எழுவதற்குள் அவர் மாஸ்க்கில் கை வைத்துவிட்டார். ஓடி வந்தவள் வாசலிலிருந்தே கத்தினாள்: "மாமா, மாத்தாள் வரல! அடுத்த ஷிப்டும் நீங்கதான் பாக்கணும்!"

அவர் கை மெல்லக் கீழே இறங்கியது.

"நாளைக்காவது லீவு குடுக்கச் சொல்லு, தாயி."

"சொல்லுதேன் மாமா" என்றாள்.

யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள்?