முள் என்று நினைத்து வெட்டிய டிசம்பர் பூ

தோட்ட வேலையில் எனக்குக் கிடைத்த முதல் நிலையான வீடு, இரும்புலியூரில் ஒரு டீச்சர் வீடு. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பம்மல் தோல் தொழிற்சாலையில் தோல் சுமந்தேன், ஹோட்டலில் இலை எடுத்தேன், லாரியில் கிளீனராக ஊர் ஊராகப் போனேன். கடைசியில் ஒரு நர்சரியில் ஆறு மாதம் தொட்டி தூக்கினேன். அதை வைத்துக்கொண்டு, "எல்லாச் செடிக்கும் கிளை வெட்டிக் கவாத்து பண்ணுவேன்" என்று சொல்லிச் சேர்ந்துவிட்டேன்.

நவம்பரில் ஒரு நாள், "ரோஜாவைக் கவாத்து பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் பள்ளிக்கூடம் போனார். ரோஜா அரை மணியில் முடிந்தது. கை சும்மா இருக்கவில்லை. சுவரோரம் டிசம்பர் பூச்செடிகள் இடுப்பளவு நின்றன. நுனிக்கு நுனி பச்சையாக, முள் முள்ளாக ஏதோ திரண்டிருந்தது. டீச்சர் புடவையில் மாட்டுமே என்று முழங்கால் உயரத்துக்கு வெட்டி, பெருக்கியும் வைத்தேன்.

சாயங்காலம் டீச்சர் வந்து குப்பையைக் கிளறினார்.

"யாரு இதை வெட்டச் சொன்னது?"

"முள்ளா இருந்துச்சு டீச்சர்."

"அதுக்குள்ளதான் மொட்டே இருக்கு! கிறிஸ்துமஸுக்கு சர்ச்ல பீடத்தை அலங்காரம் பண்றது இந்த வருஷம் என் பொறுப்பு. இந்தப் பூவைத்தான் சரம் கட்டித் தரேன்னு சர்ச்ல சொல்லியிருக்கேன்."

"எனக்குத் தெரியாது டீச்சர். தெரியும்னு சொன்னது பொய்."

செடி வெட்டும் கட்டரை என்னிடமிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டார். "தண்ணி மட்டும் ஊத்துங்க. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

வேலை போகவில்லை. ஆனால் பூவும் இல்லை.

டிசம்பர் இருபத்துநாலு காலையில் பையோடு அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறினேன். எதிர் வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர் வூட்டுச் செடிக்கு மொட்டை போட்டது நீதானா?"

"நான்தான்க்கா. சர்ச்சுக்குப் பூ வேணும்."

"பறிச்சுக்கோ. கிளையில கை வச்சே, உனக்குப் போட்டுடுவேன் மொட்டை!"

ஐந்து வீட்டில் பை நிறைந்தது. டீச்சர் பையைத் திறந்து பார்த்தார். பாராட்டு எதுவும் இல்லை. "உக்காருங்க. காம்பை ஒரே பக்கமா வச்சு எடுத்துக் குடுங்க" என்றார். நான் கொடுக்கக் கொடுக்க, மதியத்துக்குள் அவர் கட்டி முடித்தார்.

ஜனவரி கடைசியில் பூ ஓய்ந்தது. எதிர் வீட்டு அக்கா கேட் பக்கம் வந்து, "டீச்சர், இவனை நம்பி என் செடியை வெட்டக் குடுக்கலாமா?" என்று கேட்டார்.

டீச்சர் உள்ளே போய்க் கட்டரை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "தைரியமா குடுங்க. எப்ப வெட்டக் கூடாதுன்னு இவருக்குத்தான் நல்லா தெரியும்."

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு இரண்டாவது வீடு கிடைத்தது. இன்று சேலையூர் வரைக்கும் நான் வேலை பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தெரியாத செடி என்றால், "இது எப்பங்க பூக்கும்?" என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பூத்து முடியட்டும், பிறகு வெட்டுங்கள். நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.