ஆபீசுக்குக் கில்ட் கட்டிப்போன செவ்வாய்க்கிழமை

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகியும் என்னால் பேன்ட் போட முடியவில்லை. ஹெர்னியா. அடிவயிறும் தொடையும் சேருகிற, வெளியே சொல்லக் கூச்சப்படுகிற இடத்தில் தையல். சர்க்கரை உடம்பு வேறு. புண் இன்றைக்கு ஆறுகிறேன், நாளைக்கு ஆறுகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பேன்ட்டின் இடுப்புப் பட்டி கச்சிதமாக அதன்மேல்தான் வந்து உட்காரும். முதல் மூன்று வாரத்தை லீவும் வீட்டிலிருந்தே வேலையுமாக ஒப்பேற்றிவிட்டேன். அப்புறம் வந்தது மெயில்: இனி வாரத்தில் மூன்று நாள் எல்லோரும் ஆபீசுக்கு வந்தே ஆகவேண்டும்.

டாக்டர் கடிதத்தைக் கொடுத்து விலக்குக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று காற்றுவாக்கில் பேச்சு. உடம்பு சரியில்லாதவன் பெயர்தான் முதலில் போகும் என்று எனக்குத் திடமான நம்பிக்கை. வேலை போனால், அமெரிக்காவில் என்னைப்போல் விசாவில் இருப்பவனுக்கு அறுபது நாள் கெடு. அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் படிக்கிறாள். கிரீன் கார்டு வரிசையில் நான் நிற்க ஆரம்பித்தபோது அவளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. அதனால் ஹெர்னியாவைப் பற்றி ஆபீசில் ஓர் ஈ காக்கைக்கும் தெரியாது.

"வீட்ல பூரா கைலியிலதானே இருக்கீங்க? ஆபீசுக்கும் ஒரு வேட்டியக் கட்டிட்டுப் போங்களேன். யாரு கேக்கப் போறா?" என்றாள் மனைவி.

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ" என்று எரிந்து விழுந்தேன்.

மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "தென் வேர் அ கில்ட், அப்பா. நோபடி வில் கேர்" என்றாள். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும், மடிப்பு வைத்த, முழங்கால்வரை வரும் கட்டம்போட்ட துணி. அவள் கிண்டலுக்குச் சொன்னாள். எனக்கு இருந்த அலுப்பில் அது யோசனையாகத் தெரிந்தது.

இணையத்தில் தேடினேன். கம்பளியில் நெய்து அளவெடுத்துத் தைப்பதெல்லாம் நம்மால் ஆகிற காரியமில்லை. "முதல்முறை கட்டுபவர்களுக்கு" என்று ஒரு வகை இருந்தது. இருப்பதிலேயே விலை குறைந்ததைத் தேர்ந்தெடுத்தேன். பேன்ட் அளவைக் கொடுக்காதே, தொப்புளைச் சுற்றி அளந்து கொடு என்று போட்டிருந்தது. எனக்கு அதுதான் வேண்டும். புண்ணில் படாமல் அதற்கு மேலே தள்ளிக் கட்டிக்கொள்ளலாம். மனைவி டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, இது பேன்ட் சைஸ விட எவ்வளவு அதிகம் தெரியுமா!" என்று சிரித்தாள். அந்த மாதத்தில் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்து சேர்ந்தது விறைப்பான ஒரு துணி, பிளாஸ்டிக் வாடையோடு. "கட்டம்போட்ட கைலிய மடிச்சுத் தெச்சு உங்க தலையில கட்டிட்டான்" என்றாள். பெட்டியில் ஏதோ காகிதம் இருந்தது. பொடி எழுத்தைப் படிக்கப் பொறுமையில்லாமல் பெட்டியோடு ரீசைக்கிளில் போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் பக்கிள், ஒரு பக்கம் மடிப்பு மடிப்பாக, மறுபக்கம் சப்பையாக. எது முன்னால் வரவேண்டும்?

"கொசுவம் முன்னாடிதாங்க வரும். முப்பது வருஷமா பொடவ கட்றேன், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, மடிப்புகளை வயிற்றுக்கு நேரே நீவி விட்டாள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. மடிப்பைக் கொண்டுபோய் எவனாவது பின்னால் வைப்பானா?

செவ்வாய்க்கிழமை அதைக் கட்டிக்கொண்டு போனேன். மகள், "ப்ளீஸ் அப்பா, டோன்ட் டிராப் மீ டுடே" என்று பஸ்ஸில் போய்விட்டாள். காரில் ஒரு மாதத்துக்குப் பிறகு வலி இல்லாமல் உட்கார்ந்தேன். அதற்காகவே அந்தத் துணியைக் கும்பிடலாம் போலிருந்தது.

ஆபீசில் இரண்டு பேர் "கூல்" என்றார்கள். மகளிடம் ஒரு பந்தயத்தில் தோற்றுவிட்டேன் என்று புளுகினேன். வேட்டி கட்டிப் போயிருந்தால் ஆயிரம் விளக்கம் சொல்லியிருக்கவேண்டும். ஊரான் துணிக்கு ஒற்றைச் சொல்லில் பாராட்டு! எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. மீட்டிங்குக்கு மானேஜர் உள்ளே வந்தபோது எழுந்து நின்றேன். கை தன்னால் கீழே போயிற்று, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விடுகிற மாதிரி. அங்கே இறக்கிவிட என்ன இருக்கிறது? அவர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு, லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார்.

மானேஜரும் தமிழர்தான், திருச்சிப் பக்கம். ஆனால் மூன்று வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை. தன் ஊர்க்காரனுக்குச் சலுகை காட்டுகிறார் என்று பெயர் வந்துவிடக்கூடாதே. நானும் பேசியதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு வரவேற்பறைக் காவலாளி, நரைத்த தாடிக்காரர், என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவருடைய தாத்தா ஸ்காட்லாந்துக்காரராம். தப்பாக நினைக்காதே, முன்பின்னாகக் கட்டியிருக்கிறாய், மடிப்பு பின்னால் போகவேண்டும் என்று ரகசியம்போலச் சொன்னார். காலையிலிருந்து இந்தக் கோலத்தில் மூன்று மீட்டிங் போய் வந்திருக்கிறேன். மானம் போயிற்று.

நேரே ரெஸ்ட்ரூமுக்குப் போனேன். தடுப்பறைக்குள் கையை விரிக்கக்கூட இடமில்லை. வாஷ்பேசின் பக்கம் யாருமில்லை. இரண்டு பக்கிளையும் அவிழ்த்து, துணியைச் சுற்றித் திருப்பினேன். விறைத்த ஓரம் தையல்மேல் இழுத்துவிட்டது. உயிர் போய்விட்டது. குனிந்து பார்த்தால், உள்ளே போட்டிருந்த டிராயருக்கு மேலே பிளாஸ்திரியில் ரத்தம். ஒரு கையில் கில்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டிஷ்யூவை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மானேஜர்.

"என்ன சார் இது?" என்றார். தமிழில்.

போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் தோன்றியது. சொல்லிவிட்டேன்: ஹெர்னியா, சர்க்கரை, ஆறாத புண், பேன்ட், மகளின் படிப்பு. சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. ஐம்பது வயதில் பாதி அவிழ்ந்த துணியோடு ஒருவன் அழுதால் எப்படி இருக்கும்? அவர் கதவின்மேல் சாய்ந்து நின்றுகொண்டார், வேறு யாரும் வராதபடி.

"போன வருஷம் எனக்கு ஹார்ட்ல அடைப்பு, ஸ்டென்ட் வெச்சாங்க" என்றார். "வெள்ளிக்கிழம வெச்சாங்க, திங்கக்கிழம வந்து இதே பில்டிங்ல பிரசன்டேஷன் குடுத்தேன். யாருக்கும் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

ஒற்றைக் கையாலேயே பக்கிளை மாட்டப் பார்த்தேன்.

"வீட்டுக்குப் போங்க. டாக்டர் லெட்டர் அனுப்புங்க, புண்ணு ஆர்ற வரைக்கும் வீட்லயே இருக்கறதுக்கு நான் அப்ரூவ் பண்றேன்."

கடிதத்தை அனுப்பினேன். அனுமதி வந்தது. ஆனாலும் மனசு அடங்கவில்லை. என் ரகசியம் இப்போது அவர் கையில். வேலையைவிட்டு அனுப்புகிறவர்கள் பட்டியல் போடச் சொன்னால் யார் பெயரை எழுதுவார்? நல்லது செய்தவரைப் பற்றி இரண்டு வாரம் இப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அசிங்கம்தான், ஆனால் நினைத்தேன்.

ஒரு காலை பட்டியல் வந்தது. எங்கள் குழுவில் நான்கு பேர். என் பெயர் இல்லை. "அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னேன், மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அதற்குப் பிறகுதான் மற்ற பெயர்களைப் படித்தேன். இரண்டாவது பெயர் மானேஜருடையது. அந்த அப்பாடாவைத் திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பேன்.

அன்றைக்குப் போன் செய்யத் தைரியம் வரவில்லை. மறுநாள் பதினொரு மணிக்குச் செய்தேன்.

"புண்ணு ஆறிடுச்சா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி.

"ஆறிட்டு வருது. நீங்க எப்படி இருக்கீங்க? வீட்ல என்ன சொல்றாங்க?"

"வீட்ல இன்னும் சொல்லல சார். காலைல எப்பவும்போல லஞ்ச் பாக்ஸ எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். குபெர்டினோல ஒரு பார்க்கிங் லாட்ல கார்ல உக்காந்திருக்கேன்."

"எந்த இடம்னு சொல்லுங்க, நான் வரேன்" என்றேன். கைலியோடு எழுந்தே விட்டேன், கார் சாவியும் கையில் இருந்தது.

"வேணாம் சார்" என்றார் பதறிப்போய். "நம்ம ஆளுங்க யாராவது பாத்துடுவாங்க."